பங்குனியில் குளத்துப் பறவைகள்: கேமராவோடு போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். புதிதாகக் கேமராவும் 150-600 மி.மீ. லென்ஸும் வாங்கியிருக்கிறார். வேலை நெருக்கடியில் மார்கழியும் தையும் போய்விட்டன, இப்போது மாசியும் முடியப் போகிறது. கூந்தன்குளத்தில் சீசன் முடிந்துவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். வலசை வந்த பறவைகள் வடக்கே திரும்புகிற இந்த நேரத்தில் போனால் ஏதாவது கிடைக்குமா, எங்கே போவது, செட்டிங் என்ன வைப்பது, இந்த லென்ஸ் போதுமா, எடுத்த படங்களை என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

தாராளமாகப் போகலாம் தம்பி. என்னைக் கேட்டால், படம் எடுக்கிறவனுக்குத் தை மாசத்தைவிட மாசிக் கடைசியும் பங்குனியும்தான் நல்ல காலம். தலை எண்ணிப் பார்த்தால் தைதான் ஜெயிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் குளம் நிறைந்து கிடக்கும்போது ஆயிரம் வாத்து நின்றாலும் நடுத்தண்ணீரில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். பைனாகுலருக்குச் சரி, கேமராவுக்கு ஆகாது.

பங்குனியில் நிலைமை மாறுவதற்குக் காரணம் நம் குளங்களின் அமைப்பு. நெல்லைச் சீமையில் தரை மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கமோ தென்கிழக்குப் பக்கமோ இருக்கும். தண்ணீர் வந்து சேரும் மேற்குப் பக்கம் ஆழமில்லாமல் பரந்து கிடக்கும், மடையை ஒட்டிய கரைப்பக்கம்தான் ஆழம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய தண்ணீர் பிசான நெல்லுக்குப் பாய்ந்து, வெயிலில் வற்றி, மாசி பிறந்ததும் மேற்கிலிருந்து உள்வாங்க ஆரம்பிக்கும். பங்குனியில் மிச்சமிருக்கும் தண்ணீர் கரையோரமாக வந்து தேங்கிவிடும். தண்ணீரை நம்பியிருக்கிற பறவைகளும் கூடவே கரைப்பக்கம் வரும். காலையில் கரையில் உட்கார்ந்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வெளிச்சமும் பறவையும் சேர்ந்து இப்படி அமைவது நிறைகுளத்தில் நடக்காது.

ஆகவே பறவையைத் தேடி அலைவதைவிடத் தண்ணீரின் விளிம்பைக் கவனியுங்கள். இன்றைக்கு ஈரமாக இருக்கிற சேறு நாளை மறுநாள் காய்ந்துவிடும், புதுச்சேறு இன்னும் உள்ளே உண்டாகும். அந்தப் புதுச்சேற்றில்தான் புழுவும் பூச்சியும் மேலே கிடக்கும். உள்ளான் வகைகள் எல்லாம் அந்த ஈரக்கோட்டை ஒட்டியே நடந்து மேயும். ஒரே குளத்துக்கு அடிக்கடி போய்வந்தால் அந்தக் கோடு எந்தப் பக்கம் நகர்கிறது, அடுத்த வாரம் எங்கே இருக்கும் என்பது பிடிபட்டுவிடும். ஐந்து குளத்தை ஒரு நாளில் சுற்றுவதைவிட ஒரு குளத்தில் ஐந்து காலைகள் மேல்.

எந்தக் குளம் என்ற கேள்விக்கு வருகிறேன். கூந்தன்குளம் எல்லோருக்கும் தெரியும். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் நாங்குநேரி வட்டத்துக்குள் வருகிறது. 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து சேர்கிற குளம் என்பதால் பக்கத்துக் குளங்கள் காய்ந்த பிறகும் இங்கே கொஞ்சம் நிற்பதுண்டு. அங்கே போகிற எல்லோரும் முதலில் கேமராவைத் திருப்புவது ஊருக்குள் வீட்டு மரங்களில் கூடு கட்டியிருக்கிற மஞ்சள் மூக்கு நாரையின் பக்கம்தான். அழகான பறவை, அதுவும் பங்குனியில் வளர்ந்த குஞ்சுகளோடு இருக்கும். எடுங்கள். ஆனால் அது வலசைப் படம் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பேப்பரில் வருஷாவருஷம் எல்லாப் பறவையையும் சேர்த்து சைபீரியாவிலிருந்து வந்த வெளிநாட்டுப் பறவைகள் என்று எழுதிவிடுகிறார்கள். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் மீனும் இருக்கிற இடத்துக்கு இடம் மாறும், இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். வடக்கே போகிற கூட்டம் வேறு: வரித்தலை வாத்து, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், கருவால் மூக்கன், பேதை உள்ளான், கொசு உள்ளான், மஞ்சள் வாலாட்டி, மீசை ஆலா, தகைவிலான், சூறைக்குருவி. இவற்றில் எதுவும் நம் பக்கம் கூடு கட்டுவதில்லை. வெயில் கூடிவிட்டதே என்று இவை கிளம்புவதும் இல்லை. பகல் நீள நீள உடம்புக்குள் சுரப்பிகள் மாறுகின்றன, தின்பது கூடுகிறது, சிறகு புதிதாகிறது, அப்புறம் பயணம். குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தாலும் நாள் வந்தால் கிளம்பிவிடும்.

எல்லாம் ஒரே நாளில் போவதில்லை என்பது நமக்கு வசதி. வரித்தலை வாத்து முந்திக்கொள்ளும். மாசியிலேயே கூட்டம் குறையத் தொடங்கும், அதற்காகப் பங்குனி வரை காத்திருக்க வேண்டாம். மங்கோலியா, திபெத், லடாக் பக்கத்து ஏரிகளுக்குத் திரும்புகிற பறவை அது. வழியில் இமயமலையைத் தாண்ட வேண்டும். கருவி மாட்டிப் பின்தொடர்ந்தபோது 7,000 மீட்டருக்கு மேலேகூடப் பறந்ததாகப் பதிவு உண்டு. பெரும்பாலும் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கிற இரவிலும் விடியலிலும் மலையைக் கடக்கின்றன. வாத்துகள் அடுத்து, பங்குனி முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உள்ளான்களும் ஆலாவும் வாலாட்டியும் சித்திரை பிறந்த பிறகும் கொஞ்சம் இருக்கும்.

இந்தக் காலத்தின் பெரிய லாபம் நிறம். மார்கழியில் கருவால் மூக்கனைப் பார்த்தால் சேற்று நிறம், கழுத்தும் முதுகும் ஒரே சாம்பல். பங்குனியில் அதே பறவையின் கழுத்தும் நெஞ்சும் செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். ஒரே கூட்டத்தில் முழுசாக மாறியதும் பாதி மாறியதும் மாறவே தொடங்காததும் பக்கம் பக்கமாக நிற்கும். அந்த ஒரு படம் ஒரு பாடத்துக்குச் சமம். மீசை ஆலா குளிர்காலத்தில் வெள்ளைப் பறவை. கிளம்பும் முன்பு உச்சந்தலை கறுத்து, வயிறு இருண்டு, அலகு சிவந்து, கன்னத்தில் மட்டும் வெள்ளைக் கோடு நிற்கும், மீசை என்று சொல்வது அதைத்தான். மஞ்சள் வாலாட்டி தை மாசத்தில் எல்லாம் ஒன்றுபோல மங்கலாக இருக்கும், இனப்பிரிவு சொல்ல முடியாது. பங்குனியில் ஆண்களுக்குத் தலை தெளிந்துவிடும். கருந்தலை, சாம்பல் தலை, வெள்ளைப் புருவம் என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்லலாம். வயிறு எலுமிச்சை மஞ்சளில் பளீர் என்று இருக்கும். பேதை உள்ளான் மட்டும் ஏமாற்றும். புத்தகத்தில் பார்க்கிற அந்தப் பெரிய கழுத்துச் சிலுப்பல் இங்கே கிடைக்காது, அது வடக்கே போன பிறகுதான் முழுசாக வளரும். நமக்குக் கிடைப்பது நெஞ்சில் கருந்திட்டு விழுந்த ஆண்கள். அதுவும் பரவாயில்லை.

வாத்துகளின் கதை வேறு. ஆண் வாத்துகள் பெரும்பாலும் பங்குனிக்கு முன்பே கல்யாணக் கோலத்துக்கு வந்துவிடும், பங்குனியில் புதிதாக நிறம் அதிகம் ஏறாது. ஆனால் நடத்தை மாறும். நீலச்சிறகி ஆண் தலையை முதுகில் படுகிற மாதிரிப் பின்னால் எறிந்து கத்தும். ஊசிவால் ஆண்கள் நாலைந்து சேர்ந்து ஒரு பெட்டையை விரட்டிக்கொண்டு பறக்கும். சும்மா மிதக்கிற வாத்தை எடுப்பதைவிட இதற்குக் காத்திருப்பது நல்லது.

குளத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். பிசான அறுப்பு முடிந்த வயல்களில் இந்தச் சமயம் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள், வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் வாத்தைப் பத்திக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் மடையானும் மஞ்சள் வாலாட்டியும் போகும். ஆடும் வாத்தும் கிளப்பிவிடுகிற பூச்சிதான் குறி. இதில் ஒரு வசதி இருக்கிறது: தனியாக நடந்து வருகிற மனிதனைக் கண்டால் பறக்கிற வாலாட்டி, வாத்துக்காரர் பக்கத்தில் நிற்கிற மனிதனைக் கண்டுகொள்ளாது. அண்ணாச்சி, பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் குறைவு. ஒரு டீயும் வாங்கிக்கொடுங்கள். வரப்பு மேல் உட்கார்ந்தால் மறைவுக் கூடாரம் தராத நெருக்கம் அங்கே கிடைக்கும். நம் ஊர்க் கொக்குகளும் இந்தச் சமயம் நிறம் மாறத் தொடங்கும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். உண்ணிக்கொக்கின் தலையில் ஆரஞ்சு ஏறும், மடையான் முதுகு கருஞ்சிவப்பாகும்.

சூறைக்குருவியை எடுக்க வேண்டுமென்றால் மரங்களைப் பாருங்கள். இலவமும் கல்யாண முருங்கையும் பூத்திருக்கிற இடத்தில் தேன் குடிக்க வந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ரோஸ் உடம்பும் கறுத்த தலையும் இந்தக் காலத்தில்தான் மெருகேறும். சாயங்காலம் அடைய வரும்போது கரிசல் பக்கம் வானத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து சுழலும். அதற்கு 600 லென்ஸ் வேண்டாம், செல்போனே போதும். இவையும் சித்திரைக்குள் மத்திய ஆசியாவுக்குப் போய்விடும்.

சரி, மற்ற இடங்கள். ராஜவல்லிபுரம் குளமும் டவுன் பக்கம் நயினார்குளமும் பாளையங்கோட்டையிலிருந்து பக்கம், வேலைக்குப் போகும் முன்பு ஒரு மணி நேரம் போய்வரலாம். திருப்புடைமருதூர் வேறு ரகம். கடனா நதி தாமிரபரணியில் சேருகிற இடத்தில் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் அடைகின்றன. 2005-ல் அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். வலசைப் பறவைக்கு அங்கே போக வேண்டாம், ஆனால் மரத்திலிருந்து எழும்புகிற பறவையை எடுத்துப் பழக நல்ல இடம். கடல் பக்கம் ஆசை இருந்தால் தூத்துக்குடி உப்பளங்களும் புன்னைக்காயல் கழிமுகமும் இருக்கின்றன. உப்புக்கொத்திகளுக்கு நெஞ்சில் செம்மஞ்சள் ஏறுவதையும், வளைந்த மூக்குள்ள உள்ளான் செங்காவி நிறத்துக்கு மாறுவதையும் அங்கே நன்றாகப் பார்க்கலாம். உப்பள முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ சொல்லிவிட்டுத்தான் பாத்திகளுக்குள் நடக்க வேண்டும். வரப்பு உடைந்தால் அவர்களுக்கு நஷ்டம்.

விஜயநாராயணம் பெரிய குளம் நல்ல குளம்தான். ஆனால் பக்கத்திலேயே ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கிறது, அதன் உயர்ந்த கோபுரங்கள் குளத்துப் பக்கத்திலிருந்தே தெரியும். அந்தத் திசையில் நீள லென்ஸைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பறவையைத்தான் எடுத்தேன் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு ஒரு காலைப்பொழுதைக் கழிக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம் படித்துறை. நம் ஊர்க் குளங்களில் காலையில் ஆட்கள் குளிப்பார்கள், பெண்கள் துணி துவைப்பார்கள். அந்தப் பக்கம் எவ்வளவு அருமையான பறவை வந்து உட்கார்ந்தாலும் லென்ஸைத் திருப்பாதீர்கள். போன உடனே டீக்கடையில் நாலு பேரிடம் பேசி, யார் என்ன என்று சொல்லிவிட்டு உட்காருவது நல்ல பழக்கம். கூந்தன்குளத்து மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருந்து பறவைகளைக் காத்தவர்கள். அவர்களிடம் பறவையைப் பற்றிக் கற்றுக்கொள்ளப் போவது நாம்தான்.

இனி வெளிச்சம். பங்குனியில் நம் பக்கம் சூரியன் ஆறே கால், ஆறரைக்குள் உதிக்கிறது. அதற்கு முன்பே நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டரை மணிக்கு மேல் கானல் கிளம்பிவிடும், படம் பிடிக்கிறவனுக்குப் பங்குனியின் ஒரே எதிரி அதுதான். காய்ந்த சேற்றிலிருந்து எழும்புகிற சூடு பறவைக்கும் உங்களுக்கும் நடுவில் நெளியும். கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிந்தாலும் 600-ல் எடுத்தால் இறகு விவரமெல்லாம் கரைந்து போகும். புது லென்ஸ் வாங்கிய பலர் லென்ஸில் கோளாறு, ஃபோகஸ் சரியில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இதனால்தான். ஷட்டர் வேகத்தைக் கூட்டியோ விலை கூடிய லென்ஸ் போட்டோ இதைச் சரிசெய்ய முடியாது. பக்கத்தில் இருக்கிற பறவையை மட்டும் எடுப்பது ஒரு வழி, வீட்டுக்குப் போவது இன்னொரு வழி. காருக்குள் இருந்து எடுக்கிறவர்கள் ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கினால், குளிர்ந்த காற்றும் சூட்டுக் காற்றும் ஜன்னலிலேயே கலந்து அங்கேயே கானல் உண்டாகும். ஏசியை அணைத்து, எஞ்சினையும் நிறுத்திவிடுங்கள்.

செட்டிங்கைப் பற்றி ரொம்ப மெனக்கெட வேண்டாம். மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்வை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். 600-ல் லென்ஸின் துளை எஃப் 6.3, வெளிச்சம் கூடியதும் எஃப் 8. ஷட்டர் வேகம் நின்று மேய்கிற பறவைக்கு 1/800 நொடி, பறக்கிறதற்கு 1/2000-க்குக் குறையாமல், ஆலாவுக்கு இன்னும் கூட. கேமரா சுருக்காத ரா கோப்பாகவே எடுங்கள். தவறு நடப்பது வெள்ளைப் பறவையில். இருண்ட தண்ணீருக்கு முன்னால் வெயிலில் நிற்கிற கொக்கையோ நாரையையோ கேமரா தானாக அளந்தால் வெள்ளை வெந்துபோகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்துவிடுங்கள். அதே பறவை வெளுத்த வானத்தில் பறந்தால் கறுத்துப்போகும், அப்போது ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டல் குறைத்தல் விரலுக்குப் பழகிவிட்டால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் உட்கார்ந்த பறவைக்கு அதைப் போடுங்கள். பறக்கிறதற்குப் போட்டால் சில கேமராக்களில் சிறகு வளைந்து கோணலாக விழும், எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

லென்ஸ் போதும். 150-600 இந்த வேலைக்குப் போதாது என்று யாராவது சொன்னால் அவர் வேறு லென்ஸ் விற்கப் பார்க்கிறார். அந்தக் காசில் பாதியைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸைவிடப் படத்தை மாற்றுவது உங்கள் உயரம். கரை மேல் நின்று கீழே பார்த்து எடுத்தால் கொசு உள்ளான் சேற்றில் ஒட்டிய பொட்டாகத் தெரியும். கரைச்சரிவில் இறங்கி, தண்ணீர் மட்டத்துக்குப் படுத்து எடுத்தால் அதே பறவையின் கண் உங்கள் கண்ணுக்கு நேராக வரும். பின்னணி தூரமாகப் போய் மங்கும், தண்ணீரில் நிழலும் முழுசாக விழும். முக்காலி வேண்டாம். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரண்டு பக்கமும் தைத்து, நெல் உமி அடைத்துக்கொள்ளுங்கள். அதைத் தரையில் வைத்து அதன் மேல் லென்ஸைப் படுக்க வைத்தால் ஆடாது. ரைஸ் மில்லில் உமி கேட்டால் காசுகூட வாங்க மாட்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை ஆகாது. மண் நிறத்தில் ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டால் வெயிலுக்கும் ஆச்சு, மறைவுக்கும் ஆச்சு.

படுக்கும் முன்பு இரண்டு விஷயம் பாருங்கள். குளத்துச் சேறு மேலே வெடித்துக் காய்ந்தமாதிரி இருக்கும், உள்ளே களி இளகிக் கிடக்கும். முழங்கால் வரை இறங்கினால் கேமராவோடு மீண்டு வருவது பெரும்பாடு. பாளம் கெட்டியாக இருக்கிற இடத்தைத் தாண்டாதீர்கள். இன்னொன்று, காய்ந்த தரையில் ஆள்காட்டி முட்டையிடுகிற காலம் இது. கூடு என்று ஒன்றும் இருக்காது, கூழாங்கல் போல நாலு முட்டை தரையிலேயே கிடக்கும். ஆள்காட்டி தலைக்கு மேல் வந்து கத்திக் கத்திப் பாய்ந்தால் நீங்கள் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

பறவையை நோக்கி நடக்காதீர்கள். இதை எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. ஈரக்கோட்டை ஒட்டி உள்ளான்கள் எந்தத் திசையில் மேய்ந்து வருகின்றன என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு, அவற்றுக்கு முன்னால் நல்ல இடைவெளி விட்டுப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் கொஞ்சம் ஒதுங்கும். அப்புறம் மறந்துவிடும். அரை மணி நேரத்தில் லென்ஸ் ஃபோகஸ் பிடிக்க முடியாத அளவுக்கு நெருங்கி வந்த உள்ளானைப் பார்த்தவர்கள் உண்டு. மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டி நின்றால் உங்களைப் பார்த்துவிட்டது, பொறுங்கள். கூட்டமாக ஒரே பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினால் இன்னும் ஒரு அசைவில் பறந்துவிடும், நீங்கள் பின்வாங்க வேண்டிய நேரம் அது. பவளக்காலி கத்தினால் மொத்தக் குளமும் எழும்பும்.

பறந்துவிட்டுத் திரும்பி உட்காரத்தானே போகிறது என்று நினைக்கக்கூடாது. மற்ற மாசங்களில் அது ஓரளவு சரி, பங்குனியில் சரியில்லை. கிளம்பும் முன்பு இந்தப் பறவைகள் விடாமல் தின்று கொழுப்புச் சேர்க்கின்றன. சின்ன உள்ளான்கள் தங்கள் எடையில் பாதி அளவுக்குக்கூடக் கொழுப்பை ஏற்றிக்கொள்ளும், அதுதான் வழிச்செலவு. ஒவ்வொரு தடவை நாம் எழுப்பிவிடும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது, தின்கிற நேரமும் போகிறது. பறக்கிற படத்துக்காகக் கைதட்டுவதையும் கல் எறிவதையும் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும், நாலு பேர் இருக்கும்போதே சொல்லிவிடுவேன். பதிவு செய்த குரலைப் போட்டு அழைப்பதும் அந்த ரகம்தான். ட்ரோனைப் பற்றிப் பேசவே வேண்டாம், சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் அதை எடுக்கவே கூடாது.

பறக்கிற படம் வேண்டுமென்றால் சாயங்காலம் இருங்கள். ஐந்து மணிக்கு மேல் கானல் அடங்கும். கிளம்ப நாள் குறித்த கூட்டம் பொழுது சாயும்போது அமைதியிழக்கும். வாத்துகளோ உள்ளான்களோ கத்திக்கொண்டே எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்காரும். திரும்பவும் எழும்பும். ஒரு கட்டத்தில் சுற்றுவதை விட்டுவிட்டுக் கோடாகவோ கொக்கி வடிவிலோ உயரம் ஏறி வடக்கே போய்விடும். பெரும்பாலான கூட்டங்கள் இரவில்தான் பயணம் செய்கின்றன, அதனால் இந்த முதல் சில நிமிடங்கள்தான் நமக்குக் கிடைப்பது. லென்ஸை 300 அளவுக்குக் குறைத்து, வானத்தின் நிறத்துக்கு அளந்து, பறவைகளை நிழலுருவமாக விட்டுவிடுங்கள். முகம் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்தால் குருணை குருணையாகத்தான் வரும். அந்திப் பொழுதில் தகைவிலான்கள் தண்ணீரை உரசிப் பறப்பதை எடுக்க ஆசைப்படுவீர்கள். ஆசைப்படுங்கள், ஆனால் பொறுமை வேண்டும், அது எல்லோரையும் ஏமாற்றுகிற பறவை.

மலையடிவாரத்தைப் பற்றி ஒரு வரி. மணிமுத்தாறு, பாபநாசம் பக்கத்துத் தோப்புகளில் குளிர்காலத்தைக் கழிக்கிற ஆறுமணிக் குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும் இதே சமயம் வடக்கே கிளம்பும். அங்கே வெளிச்சம் குறைவு, 1/125-ல் கை நடுங்காமல் எடுக்கப் பழகிய பிறகு போங்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

கடைசியாக, எடுத்த படங்களை என்ன செய்வது. இன்ஸ்டாகிராமில் போடுங்கள், யார் வேண்டாம் என்றது. அதோடு பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு இணையதளத்தில் தேதியும் குளத்தின் பெயரும் போட்டு ஏற்றுங்கள். தாமிரபரணிக் குளங்களில் 2011-லிருந்து நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பொங்கல் சமயத்திலும் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணுகிறார்கள். இரண்டும் ஜனவரி வேலை. பங்குனி, சித்திரையில் எண்ணுகிற ஆள் குறைவு, அதனால் எந்தப் பறவை எந்தத் தேதி வரை நின்றது என்பதற்கு உங்கள் படமே பதிவாகிவிடும். நன்றாக வராத படத்தையும் சேர்த்து ஏற்றுங்கள், அடையாளம் தெரிந்தால் போதும். வரித்தலை வாத்தின் கழுத்தில் பட்டையோ, உள்ளானின் காலில் நிற வளையமோ கொடியோ தெரிந்தால் அழகைப் பார்க்காமல் எழுத்தும் எண்ணும் நிறமும் தெரிகிற மாதிரி பல படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வரித்தலை வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். எந்தக் காலில், மேலேயா கீழேயா என்பதையும் குறித்து வையுங்கள், அது தெரியாமல் வளையத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கூடு இருக்கிற மரத்தையும் ஆள்காட்டி முட்டை கிடக்கிற இடத்தையும் மட்டும் யாருக்கும் அடையாளம் சொல்லாதீர்கள்.

வரித்தலை வாத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஞாயிறே போய்விடுங்கள். உள்ளான்களுக்குப் பங்குனி உத்திரம் கழித்துப் போனாலும் நேரம் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் வேண்டாம், ஊர் ஊராகச் சாஸ்தா கோயிலுக்குப் போகிற வண்டிகளில் குளத்துக்கரை ரோடெல்லாம் அடைத்துக்கிடக்கும். நீங்களும் உங்கள் குலசாமி கோயிலுக்குத்தானே போக வேண்டியிருக்கும்.